கவுதாரி, காடை, காட்டுக்கோழி: தரைப்பறவைகளைக் களத்தில் அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

விடிகாலையில் புதியவர்களை அழைத்துக்கொண்டு முள்ளுக்காட்டுக்குள் போகும்போது தவறாமல் ஒன்று நடக்கும். காலடியில் இருந்து புர்ரென்று ஏதோ எழும்பும். எல்லாரும் ஒரே நேரத்தில் பைனாகுலரைத் தூக்குவார்கள். தூக்கி முடிப்பதற்குள் அது முப்பது, நாற்பது அடி தள்ளிப் புல்லுக்குள் விழுந்திருக்கும். "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "பழுப்பா இருந்துச்சு."

பழுப்பு என்று சொன்னால் ஒன்றும் சொல்லாததற்குச் சமம். கவுதாரி, காடை, சுண்டங்கோழி, காட்டுக்கோழியின் பெட்டை எல்லாமே பழுப்புதான். மண்ணோடு மண்ணாகத் தெரிவதுதான் அவற்றின் பிழைப்பு. அதனால் இந்த வழிகாட்டியில் நிறம் எட்டாவது படியில்தான் வருகிறது. இடம், நேரம், குரல், தடம், ஓட்டம், அளவு என்று ஆறையும் முடித்துவிட்டு நிறத்துக்கு வந்தால், பார்க்கக் கிடைக்கும் மூன்று வினாடியில் எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. 'வேட்டைப் பறவைகள்' என்று தேடினால் கழுகும் வல்லூறும் வந்து நிற்கும், அவை வேட்டையாடுபவை. நான் சொல்வது ஒருகாலத்தில் மனிதர்கள் கறிக்காக வேட்டையாடிய பறவைகளை. குழப்பம் வேண்டாம் என்பதால் தரைப்பறவைகள் என்றே எழுதுகிறேன். இதில் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுச் சமவெளி, குன்று, மலையடிவாரம் மூன்றுக்கும் பொருந்தும்.

1. கிளம்பும் முன்: பை, காலணி, சட்டம்

பைனாகுலர் 8 மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் வாயும் (முன்பக்கக் கண்ணாடியின் அகலம்) உள்ளதாக இருக்கட்டும். 10 மடங்கு வாங்கினால் இன்னும் பெரிதாகத் தெரியுமே என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். பெரிதாகத் தெரியும், ஆனால் பார்வை வட்டம் குறுகிவிடும். புதருக்குப் புதர் ஓடும் கவுதாரியை அந்தக் குறுகிய வட்டத்துக்குள் பிடிப்பது பெரும்பாடு. மங்கிய வெளிச்சத்தில் 42 மில்லிமீட்டர் வாய் கைகொடுக்கும். வாங்கும் முன் கடையிலேயே மூன்று மீட்டர் தூரத்தில் உள்ள பொருளைப் பார்த்துத் தெளிவாகத் தெரிகிறதா என்று சோதியுங்கள். காடை சில சமயம் அவ்வளவு கிட்டத்தில் நின்றுவிடும்.

சின்ன நோட்டு, பென்சில், போன். போனில் ஒலிப்பதிவுச் செயலி கட்டாயம். மெர்லின் செயலியின் குரல் அடையாளம் உதவும்தான், ஆனால் அது சொல்வதை யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர்ச் சேவல் கூவியதற்கெல்லாம் காட்டுக்கோழி என்று பட்டியல் போட்டு வந்தவர்கள் உண்டு.

செருப்போடு வராதீர்கள். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். அதைவிட முக்கியம், கவுதாரி இருக்கும் இடம்தான் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் இருக்கும் இடம். கணுக்காலை மூடும் காலணியும் முழுக்காற்சட்டையும் வேண்டும். உடை மண் நிறத்தில் இருந்தால் போதும். ராணுவப் புள்ளிச் சட்டை தேவையில்லை.

சட்டத்தையும் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமம் வாங்கி வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. சுடுவது மட்டும் வேட்டை என்று நினைக்காதீர்கள். பிடிப்பது, கண்ணி வைப்பது, முட்டையை உடைப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். "குஞ்சைக் கொண்டுபோய் வளர்க்கலாமா?" என்று நடைக்கு ஒருவராவது கேட்கிறார்கள். கூடாது. கடையில் விற்கும் காடை பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை. அது வேறு கதை. காப்புக்காட்டுக்குள் நுழைவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். பழக ஆரம்பிக்க ஊர்ப் புறம்போக்கும் தரிசும் கண்மாய்க்கரையுமே போதும்.

2. பறவையைத் தேடாதீர்கள், இடத்தைப் படியுங்கள்

வண்டியை நிறுத்தியதும் முதல் ஐந்து நிமிடம் இடத்தை மட்டும் பாருங்கள். இங்கே எந்தெந்தப் பறவை இருக்க வாய்ப்பு, எது இருக்கவே வாய்ப்பில்லை என்று முடிவு செய்யுங்கள். இருபது பெயரில் பதினைந்து இங்கேயே அடிபட்டுப் போகும். இவை ஊர் விட்டு ஊர் பறக்கும் கூட்டம் இல்லை. பெரும்பாலானவை பிறந்த இடத்தைச் சுற்றியே வாழ்ந்து முடிப்பவை. அதனால் இடம் கிட்டத்தட்ட முகவரி மாதிரி.

உடைமரமும் சீமைக்கருவேலமும் நடுநடுவே வெறும் தரையும் என்றால் கவுதாரி. வீட்டு மனை போட்டு விற்காமல் கிடக்கும் இடத்தில்கூட இருக்கும். அதே பக்கம் புல் இடுப்புயரம் எழும்பி, ஓடையோரமோ சோளக்காட்டு வரப்போ இருந்தால் புள்ளிக் கவுதாரி வரலாம். இரண்டும் அடுத்தடுத்த நிலத்தில் இருப்பதுண்டு, ஆனால் காய்ந்த வெட்டவெளியில் புள்ளிக் கவுதாரியைத் தேடுவது வீண்.

சரளைக்கல், குட்டைப் புதர், ஆங்காங்கே கற்குவியல் என்றால் பாறைப் புதர்க்காடை. மரம் கூடி, சருகு விழுந்து, காட்டின் சாயல் வந்துவிட்டால் காட்டுப் புதர்க்காடை. நீலகிரி, பழனி மலை மாதிரி உயரமான இடத்தில் தேயிலை ஓரத்திலும் பாதையோரப் புல்லிலும் சிவந்த அலகும் சிவந்த காலுமாக ஒரு காடைக் கூட்டம் நடந்தால், அது வண்ணப் புதர்க்காடை. சமவெளியில் அதற்கு வேலையில்லை. (தமிழ்ப் பெயர்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். நான் களத்தில் சொல்லிப் பழகியவற்றை எழுதுகிறேன்.)

பாறைக் குன்றும் முட்புதரும் சேர்ந்த இடம் வெண்புள்ளிச் சுண்டங்கோழிக்கு. மூங்கிலும் அடர்ந்த புதரும் உள்ள மலையடிவாரம் செஞ்சுண்டங்கோழிக்கு. காட்டுக்கோழிக்குக் காடு வேண்டும், ஆனால் காட்டின் நடுவைவிட விளிம்பில்தான் கண்ணில் படும். முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் காட்டுச் சாலைகளில் காலையில் சாணத்தைக் கிளறிக்கொண்டு நிற்கும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. வட இந்தியாவில் எடுத்த செங்காட்டுக்கோழிப் படத்தைப் பார்த்துப் பழகிவிட்டு, இங்கே பார்த்த சிவப்புச் சேவலுக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். தமிழ்நாட்டுக் காட்டில் இருப்பது சாம்பல் காட்டுக்கோழி ஒன்றுதான். சிவப்பாக நின்றது காட்டோர ஊரின் நாட்டுச்சேவல். இலங்கையில் பார்த்தீர்கள் என்றால் அது மூன்றாவது இனம்: சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் தீற்று உள்ள இலங்கைக் காட்டுக்கோழி, அந்த நாட்டின் தேசியப் பறவை.

3. விடிவதற்கு முன் அங்கே இருங்கள்

வெளிச்சம் வருவதற்குக் கால்மணி முன்னால் போய்ச் சேருங்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தில் கிடைப்பதுதான் அன்றைய வருமானம். கவுதாரி முள்மரத்தில் அடையும். இறங்கும் முன்னும் இறங்கியதும் கத்தும். வெயில் ஏறினால் எல்லாம் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். மாலையில் கடைசி ஒரு மணி நேரம் இரண்டாவது வாய்ப்பு.

பருவமும் கணக்கில் உண்டு. மழைக்காடை மழை பெய்து புல் எழும்பும்போது வந்து கூவும். காய்ந்த நாளில் அதே வயலில் அது இருந்த சுவடே இருக்காது. புள்ளிக் கவுதாரியும் புல் வளர்ந்த காலத்தில்தான் வாய் திறக்கும். கோடையில் தண்ணீர் ஒரு குட்டையில் மட்டும் இருந்தால், தூரத்தில் உட்கார்ந்துவிடுங்கள், நடக்கவே வேண்டாம். புதர்க்காடைகள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக, தினமும் நடக்கும் அதே தடத்தில் தண்ணீருக்கு வரும்.

4. நின்று கேளுங்கள்

பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். புதியவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். ஆனால் தரைப்பறவையைக் கண்ணால் பார்ப்பதைவிடப் பத்து மடங்கு காதால் கேட்பீர்கள். நடந்தால் உங்கள் காலடிச் சத்தமே அதை அமுக்கிவிடும்.

கவுதாரியின் குரல் தெரிந்த குரல்தான்: 'கதீதார், கதீதார்' என்று ஊரையே எழுப்பும். முதலில் தயங்கித் தயங்கி 'டிக், டிக்' என்று ஆரம்பித்து, பிறகு வேகம் பிடிக்கும். கவனமாகக் கேட்டால் இன்னொன்று தெரியும். சேவல் கத்தும்போதே பெட்டை இடையிடையே 'தீ... தீ...' என்று உச்சக் குரலில் சேர்ந்துகொள்ளும். ஒரு பறவை என்று நீங்கள் எழுதியது ஜோடியாக இருக்கும்.

புள்ளிக் கவுதாரிக்கு அந்த மணியோசை இல்லை. 'சிக்... சீக்-கெரே-கே' என்று கரகரத்த தொண்டை. ஆணி துருப்பிடித்த கேட்டைத் தள்ளினாற்போல் இருக்கும். பெரும்பாலும் ஒரு கல்மேலோ மொட்டைமரக் கிளையிலோ நின்றுதான் கத்தும், எனவே குரல் வந்த திசையில் மேலே பாருங்கள்.

சாம்பல் காட்டுக்கோழி கொக்கரக்கோ என்று இழுக்காது. 'குக்-காயா-காயா-குக்' என்று வெட்டி வெட்டிக் கத்திச் சட்டென்று நிறுத்திவிடும். அந்த நிறுத்தம்தான் அடையாளம். நாட்டுச்சேவல் கடைசி எழுத்தை நீட்டும். காட்டுச்சேவலிடம் நீட்டலே கிடையாது. நூறு மீட்டரில் ஊர் இருக்கும் இடத்தில் இந்த ஒரு வேறுபாட்டை வைத்துத்தான் நான் முடிவு செய்கிறேன்.

மழைக்காடை 'விச்-விச்' என்று இரண்டு தட்டு. குளிர்காலத்தில் வலசை வரும் சாதாரணக் காடைக்கு மூன்று தட்டு: 'விட்... விடிட்'. எண்ணினால் போதும். மழைக்காடையை இரவிலும் கேட்கலாம்.

இன்னொரு ஒலி இருக்கிறது, அதைப் பறவை என்றே பலர் நம்புவதில்லை. தூரத்தில் யாரோ மோட்டார் பைக்கை ஓடவிட்டு நிறுத்தியிருப்பது போல 'டுர்ர்ர்ர்ர்' என்று நீளும். எந்தத் திசை என்று பிடிபடாது. அது குறுங்காடை, அதிலும் பெண். அவளிடம் ஒன்பதாவது படியில் வருவோம்.

கேட்டதை உடனே பதிவு செய்யுங்கள், பத்து வினாடி போதும். "அப்புறம் ஞாபகம் வச்சுச் சொல்றேன்" என்றவர்கள் யாரும் சொன்னதில்லை.

5. மண்ணைப் பாருங்கள்

இப்போது நடக்கலாம், ஆனால் கண் தரையில் இருக்கட்டும். வண்டித்தடத்தின் புழுதியில், ஓடை மணலில் கால்தடம் பதிந்திருக்கும். கவுதாரித் தடத்தில் முன்னால் மூன்று விரல் விரிந்து, பின்விரல் சின்னதாகக் குத்தியிருக்கும். காடைக்கும் அதே அமைப்பு, பாதியளவு. பின்விரல் அடையாளமே இல்லாமல் மூன்று விரல் மட்டும் என்றால் குறுங்காடை நினைவுக்கு வரட்டும். அதற்குப் பின்விரல் கிடையாது. ஆட்காட்டியின் தடத்திலும் பின்விரல் தெரியாது. ஆனால் அது நீளக்காலி, எட்டுக்கு எட்டு இடைவெளி அதிகம்.

உள்ளங்கை அகலத்துக்குக் கிண்ணம் போல் குழிந்த புழுதிப்பள்ளம் தென்பட்டால், அது புழுதிக்குளியல் போட்ட இடம். பேனைக் கழிப்பதற்காகப் புழுதியில் புரளும். பள்ளத்தின் ஓரத்தில் ஓர் இறகு கிடந்தால் பார்த்துவிட்டு அங்கேயே விடுங்கள். படம் எடுத்தால் போதும்.

இதே இடத்தில் கண்ணி தென்படலாம். முள்வேலியில் ஒரு சின்ன வழியை மட்டும் திறந்துவிட்டு, அதில் நைலான் சுருக்கு வரிசையாகக் கட்டியிருப்பார்கள். கவுதாரி பறப்பதைவிட நடப்பதையே விரும்பும் என்பது வைத்தவனுக்கு நன்றாகத் தெரியும். நீங்களே பிரிக்கப் போய்ச் சண்டை இழுக்காதீர்கள். படமும் இடமும் குறித்துக்கொண்டு வனத்துறையிடம் சொல்லுங்கள்.

6. ஓடியதா, எழும்பியதா?

இந்த ஒரு கேள்விக்கு உறுதியான பதில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நிறத்தை நினைவில் வைக்க முடியாதவர்களுக்குக்கூட ஓட்டம் நினைவிருக்கும், ஏனென்றால் அது ஒரு காட்சி.

கவுதாரி முதலில் ஓடும். கழுத்தை நீட்டி, உடம்பை நிமிர்த்தி, புதரிலிருந்து புதருக்கு. துரத்தினால் மட்டுமே சிறகை விரிக்கும். விரித்தாலும் சிறிது தூரம் படபடவென்று அடித்து, பிறகு சறுக்கி இறங்கி, இறங்கிய இடத்திலிருந்து மறுபடி ஓடும். எனவே இறங்கிய இடத்தில் போய்த் தேடினால் இருக்காது.

புதர்க்காடை நேர் எதிர். ஓடாது, பதுங்கும். காலடி கிட்டத்தட்ட மேலே படும்வரை அசையாது. பிறகு பத்துப் பதினைந்து பறவைகள் பட்டாசு வெடித்தாற்போல் ஆளுக்கொரு திசையில் சிதறும். உங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதுதான் அதன் நோக்கமும்: எதைத் துரத்துவது என்று துரத்துபவன் குழம்ப வேண்டும். சிதறியதும் போய்விடாதீர்கள். உட்காருங்கள். சற்று நேரத்தில் மெல்லிய சீழ்க்கை இங்கொன்று அங்கொன்றாகக் கேட்கும். கூட்டம் ஒன்றையொன்று அழைத்துத் திரும்பச் சேரும். அவற்றை நிதானமாகப் பார்க்க அந்த நேரத்தைவிட நல்ல நேரம் கிடையாது. சிதறியதைப் பின்தொடர்ந்து ஓடும் புதியவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள்.

குறுங்காடை தனியாகவோ ஜோடியாகவோ எழும்பி, புல்நுனியை உரசிக்கொண்டு கொஞ்ச தூரம் போய் விழும். மழைக்காடை அதைவிட வேகமாக, நேராக, தூரமாகப் பறக்கும். சுண்டங்கோழி பறக்கவே யோசிக்கும். பாறையிடுக்கில் குனிந்து ஓடி மறைந்துவிடும்.

கல்கவுதாரியும் இங்கே குறுக்கே வரும். பெயரில்தான் கவுதாரி. பறந்தால் புறா மாதிரி கூரிய சிறகோடு விர்ரென்று போகும், தரையில் குட்டைக்காலால் தத்தி நடக்கும், ஓடாது. காலையில் வெயில் ஏறியபின் கூட்டமாகத் தண்ணீருக்குப் பறந்து வரும். ஆண் தன் வயிற்றிறகை நீரில் நனைத்துக் குஞ்சுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. கவுதாரிக் குடும்பத்துக்கும் இதற்கும் உறவில்லை.

புதரடியில் ஓடி மறையும் செம்போத்தைக் கவுதாரி என்று எழுதியவர்கள் நிறைய. நீண்ட கறுப்பு வாலும் செந்நிறச் சிறகும் இருந்தால் விட்டுவிடுங்கள், அது குயில் வகை.

7. அளவை எதோடாவது ஒப்பிட்டுச் சொல்லுங்கள்

சென்டிமீட்டரில் யோசிக்காதீர்கள். தெரிந்த பறவையோடு வைத்துப் பாருங்கள். குறுங்காடை ஊர்க்குருவியைவிடச் சற்றுப் பெரிது, உருண்டையாக. சுமார் 15 செ.மீ. புதர்க்காடையும் மழைக்காடையும் அதைவிடக் கொஞ்சம் தடித்தவை, 17 செ.மீ. அளவில். கவுதாரி இரண்டுமே மாடப்புறா அளவு, 30 செ.மீ. பக்கம், ஆனால் புறாவைவிடக் குண்டு, வால் குட்டை. சுண்டங்கோழி அதைவிடக் கொஞ்சம் பெரிது, வளர்ந்துவரும் கோழிக்குஞ்சு மாதிரி. காட்டுக்கோழிப் பெட்டை நாட்டுக்கோழிப் பெட்டையைவிடச் சிறுத்து, நிமிர்ந்து நிற்கும்.

தனியாகத் திறந்தவெளியில் நிற்கும் பறவை எப்போதும் பெரிதாகத் தோன்றும். பக்கத்தில் ஒரு மைனாவோ காகமோ வரும்வரை காத்திருந்தால் நல்லது. அவசரப்பட்டால் பாதி வளர்ந்த கவுதாரிக்குஞ்சைக் காடை என்று எழுதுவீர்கள். அது நானே செய்த தவறு, அதுவும் இரண்டு வருடம்.

8. இப்போது நிறம்: தொண்டை, புருவம், கால்

முதுகைப் பார்க்காதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கோடும் புள்ளியும்தான். மூன்று வினாடியில் பார்க்க வேண்டிய இடங்கள்: முதலில் தொண்டை, அடுத்து கண்ணுக்கு மேல் புருவக்கோடு, முடிந்தால் கால்.

*கவுதாரி.* வெளிறிய தொண்டை, அதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு, பாசிமாலை போட்டது போல. மாலை இருந்தால் சந்தேகமே இல்லை. பறக்கும்போது வாலின் ஓர இறகுகள் செம்பழுப்பாகத் தெரியும். கால் மங்கிய சிவப்பு. சேவலின் காலில் கூரான முள் இருக்கும்.

*புள்ளிக் கவுதாரி.* முகமும் தொண்டையும் செம்மஞ்சள் கலந்த பழுப்பு, மாலை கிடையாது. மார்பில் கறுப்பு மேல் வெள்ளைப் புள்ளிகள் அள்ளித் தெளித்தது போல். ஆணுக்கும் காலில் முள் இல்லை.

*புதர்க்காடை இரண்டும்.* இங்கேதான் அனுபவசாலிகளும் தடுக்கி விழுகிறார்கள். ஆண்கள் இரண்டுக்கும் அடிப்பக்கம் வரிக்குதிரை மாதிரி கறுப்பு வெள்ளைக் குறுக்குக்கோடு. காட்டுப் புதர்க்காடை ஆணின் தொண்டை அடர்ந்த செம்பழுப்பு, விளிம்பு தெளிவாக வெட்டியது போல் இருக்கும். வெள்ளைப் புருவம் கழுத்துவரை நீளும். பாறைப் புதர்க்காடை ஆணிடம் அந்தச் சிவப்பு மங்கிய செங்கல் நிறம். வெளிச்சம் சரியில்லை என்றால் இந்த வேறுபாட்டை நம்பாதீர்கள். நான் பெண்ணைத்தான் தேடுவேன். கூட்டத்தில் குறுக்குக்கோடு இல்லாத பறவைதான் பெண். அதன் தொண்டை செம்பழுப்பாகத் தனித்துத் தெரிந்தால் காட்டுப் புதர்க்காடை. வெளிறி மார்போடு கலந்திருந்தால் பாறைப் புதர்க்காடை. ஆணைப் பார்க்கும் ஆசையில் எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான்.

*மழைக்காடை.* ஆணின் மார்பில் கறுப்புத் திட்டு, தொண்டை வெள்ளையில் கறுப்புக் கோடுகள். பெண்ணையும் சாதாரணக் காடைப் பெண்ணையும் தரையில் வைத்துப் பிரிப்பது வீண்வேலை. பறக்கும்போது படம் எடுத்திருந்தால் பெரிய சிறகிறகுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள்: குறுக்குவரி இருந்தால் சாதாரணக் காடை, வெறுமையாக இருந்தால் மழைக்காடை.

*சுண்டங்கோழி.* கண்ணைச் சுற்றிச் சிவந்த வெறும் தோல் இருந்தால் செஞ்சுண்டங்கோழி. அது இல்லாமல், உடம்பெங்கும் வெள்ளைப் பொட்டு இருந்தால் வெண்புள்ளி ஆண்.

*காட்டுக்கோழி.* சேவலின் பிடரி இறகுகளில் மெழுகு சொட்டினாற்போல் மஞ்சள் பொட்டுகள் மினுங்கும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்தப் பிடரியை உதிர்த்து, கொண்டையும் சுருங்கிப் பரிதாபமாக நிற்கும்; அதைப் பார்த்து நோய்ப்பட்ட நாட்டுச்சேவல் என்று நினைக்க வேண்டாம். பெட்டையின் மார்பு வெள்ளை, ஒவ்வோர் இறகுக்கும் கரும்பழுப்பு விளிம்பு, மீன்செதில் போல. இந்தச் செதில் மார்புதான் நாட்டுக்கோழியிலிருந்து அதைப் பிரிக்கும்.

9. ஆண், பெண்: குறுங்காடையில் கணக்கு தலைகீழ்

பளிச்சென்று இருப்பது ஆண், மங்கல் பெண் என்ற விதி மற்றவற்றுக்குப் பெரும்பாலும் செல்லும். கவுதாரிக்குச் செல்லாது, இருபாலும் ஒன்று போலத்தான், காலின் முள்ளைப் பார்த்தால்தான் தெரியும்.

குறுங்காடையில் விதியே கவிழ்ந்துவிடும். பெண்தான் பெரிது, பெண்ணுக்குத்தான் கறுத்த தொண்டை, பெண்தான் அந்த மோட்டார் ஒலியை எழுப்பி ஆணை அழைக்கும், மற்றப் பெண்களோடு சண்டையும் போடும். முட்டையிட்டதும் அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் தலையில். எனவே கறுத்த தொண்டையைப் பார்த்து 'ஆண்' என்றும், குஞ்சுகளோடு நின்றதைப் பார்த்து 'தாய்' என்றும் நோட்டில் எழுதினால் இரண்டும் தப்பு.

உண்மையில் அது காடையே இல்லை. பெயரும் தோற்றமும் காடை. உறவு முறையில் ஆட்காட்டி, உள்ளான் பக்கம். வெளிறிய கண்ணும், சிறகை விரிக்கும்போது தோளில் தெரியும் வெளிர்மஞ்சள் திட்டும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

10. நெருங்கக் கூடாத இடங்கள்

தரையில் முட்டையைக் கண்டால் நின்ற இடத்திலிருந்தே வந்த வழியில் திரும்புங்கள். சுற்றிச்சுற்றிப் படம் எடுத்தால் புல் மிதிபட்டு, கீரிக்கும் நாய்க்கும் பாதை போட்டுக் கொடுத்ததாகும். குஞ்சு தனியாக உறைந்துபோய் நின்றால் தாயை இழந்த குஞ்சு என்று தூக்காதீர்கள். பெரியது பக்கத்துப் புதரில்தான் இருக்கும். நீங்கள் போனதும் அழைக்கும்.

போனில் குரலைப் போட்டுக்காட்டிப் பறவையை வெளியே இழுப்பதும் வேண்டாம். போட்டிச் சேவல் வந்துவிட்டது என்று நினைத்து இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடிவரும். பழக்கிய கவுதாரியைக் கூண்டில் வைத்துக் கத்தவிட்டுக் கண்ணிக்காரர் செய்வதும் இதேதான்.

இடத்தை வெளியே சொல்வதிலும் கவனம் வேண்டும். ஒருமுறை புள்ளிக் கவுதாரிப் படத்தை ஊர், கண்மாய்ப் பெயரோடு ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அடுத்த வாரம் போனபோது அதே வரப்பில் நைலான் சுருக்கு. அதற்குப் பிறகு மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

11. வண்டி ஏறும் முன் எழுதுங்கள்

வீட்டுக்குப் போய் எழுதினால், புத்தகத்தில் பார்த்த படம் நீங்கள் பார்த்த பறவையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இல்லாத புருவக்கோடு நினைவில் முளைக்கும். அதனால் புத்தகத்தைத் திறக்கும் முன், மேலே சொன்ன அதே வரிசையில் எழுதுங்கள். பெயரைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் பெயரை எழுதியவர்கள் மீதி வரிகளை அந்தப் பெயருக்குப் பொருந்துகிற மாதிரி எழுதிவிடுகிறார்கள்.

பெயர் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே பதியலாம். பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்கும் ஈபேர்ட் (eBird) தளத்தில் 'ஏதோ ஒரு புதர்க்காடை' என்று பதியவும் வழி இருக்கிறது. போன மாதம் முதல்முறையாக வந்த ஒரு கல்லூரி மாணவியின் நோட்டில் இருந்ததை அவர் அனுமதியோடு எடுத்து எழுதுகிறேன்: "சரளைத் தரை, குட்டைப் புதர். காலை 6:40. குரல் இல்லை. காலடியில் எழும்பியது, 9 அல்லது 10, எல்லாத் திசையிலும். ஊர்க்குருவியைவிடப் பெரிது. உட்கார்ந்தோம். 12 நிமிடம் கழித்துச் சீழ்க்கை. ஒன்று வெளியே வந்தது, வயிற்றில் கோடு இல்லை, தொண்டை வெளிறல். கால் தெரியவில்லை. பாறைப் புதர்க்காடை, பெண்?"

அந்தக் கேள்விக்குறியை அழிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.